மெஷின் இல்லாமல் ஃபேக்ஸ் அனுப்பியவர்

அவருடைய பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் யாராவது படித்துவிட்டு அவரிடம் போய்ச் சொல்வார்கள். மனுஷனும் தன்னைப் பற்றி அச்சில் வந்திருக்கிறது என்று பத்துப் பேரிடம் காட்டிப் பீற்றிக்கொள்வார். அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

எங்கள் மலைமேல் செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் அவருடைய கம்ப்யூட்டர் சென்டர் இருந்தது. தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது வாக்கில். மலை முழுக்கத் தனியார் கையில் இருக்கும் கம்ப்யூட்டர் அது ஒன்றுதான் என்று அவர் சொல்வார். நாங்கள் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. ஆள் அடிவாரத்துக்காரர். கீழே கிணறும் தோட்டமும் உள்ள குடும்பம், அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் மேலே வந்துவிட்டார் என்று பேசிக்கொள்வார்கள். நான் கேட்டதில்லை. கேட்டால் ஒரு மணி நேரம் விடமாட்டார்.

வாயைத் திறந்தால் ஒரே பாட்டு. "மிசினே இல்லாம பேக்ஸ் அனுப்பற ஒரே ஆளு இந்த மலையில நான்தானுங்க." டீக்கடையில் சொல்வார், சந்தையில் சொல்வார், போஸ்ட்மேனை நிறுத்திவைத்துச் சொல்வார். போஸ்ட்மேனிடம் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு பரிதாபம் சேர்ந்துகொள்ளும், உன் பிழைப்பு இன்னும் எத்தனை நாளைக்கு என்கிற மாதிரி.

விஷயம் இவ்வளவுதான். கீழே டவுனில் ஃபேக்ஸ் என்றால் அதற்கென்று ஒரு மெஷின் இருக்கும். காகிதத்தை இங்கே செருகினால் அதன் நகல் அங்கே வந்து விழும். இவரிடம் அந்த மெஷின் கிடையாது. கம்ப்யூட்டருக்கும் போன் லைனுக்கும் நடுவில் மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தார். கம்ப்யூட்டரில் டைப் அடித்ததை அது போன் வழியாக அனுப்பிவிடும், எதிர்முனையில் இருக்கும் ஃபேக்ஸ் மெஷினில் காகிதமாக வந்துவிடும். நல்ல வசதிதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் கையில் கொண்டுபோகும் காகிதத்தைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற ஸ்கேனர் வேண்டும். அது அவரிடம் இல்லை. அதனால் நீங்கள் எதைக் கொண்டுபோனாலும் மனுஷன் அதை முதலிலிருந்து திரும்ப டைப் அடித்துத்தான் அனுப்புவார். இந்த ஓட்டையைப் பற்றி மட்டும் மூச்சு விடமாட்டார்.

டைப் அடிப்பதோடு விட்டாரா, அதுவும் இல்லை. நீங்கள் எழுதியதைத் திருத்துவார். திருப்புலி நாட்டு (எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு) விவசாயி ஒருவர் மழையால் மிளகு காயவில்லை, நாலு நாள் கழித்து அனுப்புகிறேன் என்று கீழே வியாபாரிக்கு இரண்டு வரி அனுப்பச் சொன்னார். இவர் மேன்மை தங்கிய என்று ஆரம்பித்து, இயற்கையின் சீற்றம், ஈடுசெய்ய இயலாத இழப்பு, ஆழ்ந்த வருத்தம் என்று ஒரு பக்கத்துக்கு அடித்துவிட்டார். வியாபாரி பதறிப்போய் போன் போட்டு, ஏனுங்க, ஊட்டுல யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாராம். இவரிடம் அதைச் சொன்னபோது சிரிக்கக்கூட இல்லை. நம்ம ஊர்க்காரர்களுக்கு நல்ல தமிழ் புரிவதில்லை என்று தலையை ஆட்டினார்.

கடை வாசலில் ஒரு குடம் தண்ணீர் வைத்திருப்பார், செருப்பில்லாமல் வருகிறவர்கள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வரவேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். அவர் மட்டும் மழைக்காலத்திலும் ஷூ போட்டுக்கொண்டு சேற்றோடு உள்ளே போவார். சட்டையை பேண்டுக்குள் விட்டு, பையில் இரண்டு பேனா. எழுதுவதே இல்லாத ஆளுக்கு இரண்டு பேனா எதற்கு என்று டீக்கடைக்காரர் ஒருநாள் கேட்டார். ஒன்று சிவப்பு என்று பதில் வந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். அவரிடம் எனக்கு ஆறாத ஒன்று உண்டு. யார் படியேறினாலும் முதல் கேள்வி, "கையெழுத்தா, கைநாட்டா?" கையெழுத்துப் போடுகிறவர் என்றால் உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி. கைநாட்டு என்றால் வெளியே பெஞ்சு. ஊருக்கே பெரியவராக இருந்தாலும் பெஞ்சுதான். ஒருமுறை அரியூர் நாட்டில் பத்து ஏக்கர் வயல் வைத்திருப்பவர் வெளியே நனைந்துகொண்டிருக்க, அவருடைய எட்டாவது படித்த மருமகன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நான் பன்னிரண்டாவது முடித்தவன். எங்கள் ஊரில் மனு எழுதுவது, ஆபீசுக்கு ஃபாரம் நிரப்புவது எல்லாம் நான்தான். எனக்கு நாற்காலி. "வாங்க சார், உக்காருங்க" என்பார். எங்கள் மலையில் இருபத்து மூன்று வயதில் என்னை சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவர். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்கவில்லை என்று இப்போது சொன்னால் பொய்.

கையெழுத்துக்கு அவர் கொடுத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. காகிதத்தில் போட்ட கையெழுத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோக வழி இல்லையே, அதற்கு ஒரு உபாயம் கண்டுபிடித்திருந்தார். படம் வரைகிற புரோகிராமைத் திறந்துகொண்டு, உங்கள் கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மவுசால் வரைவார். மவுசைப் பிடித்துப் பழகியவர்களுக்குத் தெரியும், அதில் நேராக ஒரு கோடு போடுவதே கஷ்டம். இவர் நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் உட்காருவார். சுழி சரியில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்ப வரைவார். அவருடைய சொந்தக் கையெழுத்தை வரைய மூன்று நாள் ஆனதாம். கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அந்தப் புள்ளிகள் எதற்கென்று கடவுளுக்குத்தான் தெரியும். இன்னொருவர் கையெழுத்தைப் பார்த்து வரைவது தப்பாயிற்றே என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. ஃபேக்ஸில் எல்லாமே நகல்தானே என்று இருந்துவிட்டோம்.

இனி பஸ் கதைக்கு வருகிறேன். இவரை நினைத்தாலே என் வாய் கசப்பது அதனால்தான்.

எங்கள் ஊருக்கு ஒரே ஒரு பஸ். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. செம்மேட்டுக்கும் எங்களுக்கும் பதினோரு கிலோமீட்டர். என் தங்கச்சி அந்த பஸ்ஸில்தான் செம்மேட்டுக்குப் போய் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் படித்த முதல் பெண் அவள். அப்பாவுக்கு அரை மனசு. பஸ் ஓடுகிற வரைக்கும் போகட்டும் என்பார். அதாவது பஸ் நின்றால் படிப்பும் நின்றுவிடும். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த வருஷம் ஐப்பசியில் பஸ் நிற்கும் இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆட்கள் ஏறாததால் இந்த பஸ்ஸை நிறுத்தப்போகிறோம், ஆட்சேபணை இருந்தால் ஊர்மக்கள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும் என்று போட்டு, அடியில் டவுனில் உள்ள போக்குவரத்து ஆபீஸின் விலாசமும் ஃபேக்ஸ் நம்பரும். தங்கச்சிதான் புதன்கிழமை பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி கொட்டிய மழையில் மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் பாறை சரிந்து ரோடு அடைபட்டுவிட்டது. கீழிருந்து எதுவும் மேலே வரவில்லை, மேலிருந்து தபாலும் இறங்கவில்லை. போன் மட்டும் வேலை செய்தது.

வியாழக்கிழமை கோயில் முன்னால் ஊர் கூடியது. ஒரு பக்கத்துக்கு மனு எழுதினேன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் பெயர், பிரசவத்துக்குப் போகவேண்டிய பெண்கள், சந்தைக்குக் கிழங்கு கொண்டுபோகிறவர்கள், எல்லாம் கணக்காக எழுதினேன். எங்கள் ஊர் நாற்பத்து மூன்று தலைக்கட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு பெரியவர் வந்து கை வைக்கவேண்டும், முதல் கை ஊர்க்கவுண்டருடையது, அதற்குப் பிறகு வீட்டு வரிசைப்படி. வீட்டுப் பெரியவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. நாற்பத்து மூன்றும் கைநாட்டு. மழையில் நனைந்த விரலைத் துண்டில் துடைத்துத் துடைத்து, மை சரியாக விழவேண்டும் என்று ஒவ்வொருவரும் எவ்வளவு கவனமாக வைத்தார்கள் தெரியுமா. அடியில் மனு எழுதியவன் என்று என் கையெழுத்து ஒன்று.

வெள்ளிக்கிழமை நானும் தங்கச்சியும் நடந்தே செம்மேட்டுக்குப் போனோம். அவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. மத்தியானம் வரை இவர் கடை பூட்டியிருந்தது. உள்ளூரில் யாருக்கோ கம்ப்யூட்டரின் மகிமையை விளக்கப் போயிருந்தார். இரண்டு மணிக்கு வந்தார். மனுவை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து வாங்கினார், மை ஒட்டிவிடுமாம். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இதுல உணர்ச்சியே இல்லீங்களே சார்" என்றார்.

உணர்ச்சி வேண்டாம், நேரம் ஆகிறது, இருக்கிறபடி அடியுங்கள் என்றேன். கேட்கிற ஆளா. பிள்ளைகளின் பெயர்களை எடுத்துவிட்டு நாளைய பாரதத்தின் தூண்கள் என்று போட்டார். கிழங்கு என்கிற சொல் மனுவுக்கு அழகில்லை என்று வேளாண் விளைபொருட்கள் ஆக்கினார். மூன்றே காலுக்கு அடித்து முடித்தார். பிறகு என் கையெழுத்து. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டுத் தங்கச்சியும் வந்து எனக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நாலேகாலுக்குத்தான் கையெழுத்து அவருக்குத் திருப்தியானது.

அடுத்து கைநாட்டு. ஒன்றை வரையவே இவ்வளவு நேரம் என்றால் நாற்பத்து மூன்றுக்கு எங்கே போவது என்று நான் பதறினேன். அவர் பதறவில்லை. ஏற்கெனவே ஒன்று வரைந்து வைத்திருந்தார். முட்டை வடிவத்தில் ஒரு வட்டம், அதற்குள் வளைந்து வளைந்து கோடுகள். வரையும்போது மவுசு இடறி இடது ஓரத்தில் ஒரு கோடு மட்டும் வால் மாதிரி வெளியே நீண்டிருந்தது. போன வருஷத்திலிருந்து கைநாட்டுக்காரர்கள் யார் வந்தாலும் அதைத்தான் ஒட்டி அனுப்புகிறாராம். அதை எடுத்து, டக் டக் டக் என்று நாற்பத்து மூன்று இடத்தில் ஒட்டினார். இரண்டே நிமிஷம். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பெயர் அடித்தார், அதற்குத்தான் நேரம் ஆனது.

நாலே முக்காலுக்கு மோடம் கீச்சென்று கத்தியது. "பேசிக்கறாங்க" என்று மோடத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டினார். திரையில் அனுப்பியாயிற்று என்று வந்தது. "போயிருச்சுங்க சார்" என்றார். மனுவைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடப்போனவரிடமிருந்து நான்தான் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு ஜீப் வந்தது. கீழே ஆபீஸிலிருந்து விசாரணைக்கு அதிகாரி ஒருவர். ஊர் மொத்தமும் சந்தோஷமாகக் கூடியது. நம்ம பேச்சை மதித்து மேலே ஏறி வந்திருக்கிறார்கள் என்று ஊர்க்கவுண்டர் மலைவாழைத்தார் வெட்டச் சொன்னார். அதிகாரி ஃபேக்ஸ் காகிதத்தைக் கோயில் மேடையில் விரித்து வைத்தார். கோபமாகப் பேசவில்லை. நிதானமாகத்தான் கேட்டார்.

"இந்த ஊர்ல நாப்பத்து மூணு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டைவிரலா?"

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தார்கள். அவர் மைப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொருவராக வந்து கை வையுங்கள் என்றபோதுதான் சிரிப்பு நின்றது. வீட்டு வரிசைப்படி வந்து வைத்தார்கள். அவர் ஒவ்வொன்றையும் ஃபேக்ஸோடு வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடச் சேரவில்லை. எப்படிச் சேரும்? நாற்பத்து மூன்றிலும் அதே வால், அதே பக்கம்.

நான் ஓடிப்போய் அசல் மனுவைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். வரிதான் ஒன்றுகூட ஒத்துவரவில்லையே. அதில் பிள்ளைகள் பெயர், இதில் பாரதத்தின் தூண்கள். தேதிக்குள் வந்தது இந்த ஃபேக்ஸ்தான், அது போலி, இப்போது காட்டுவது பிறகு தயாரித்தது என்றார். செம்மேட்டுக் கடையில் பார்த்து வரைந்து ஒட்டியது என்றேன், வரைந்தது என்றால் போலிதானே என்றார். யாரோ ஒருவன் உட்கார்ந்து ஊர் பெயரில் பொய்யாக அனுப்பியிருக்கிறான், போலீஸில் கொடுக்காமல் விடுவதே பெரிசு என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். வாழைப்பழத்தைத் தொடவில்லை.

ஜீப் போன பிறகு அப்பா தன் விரலில் இருந்த மையைப் பார்த்தபடி என்னிடம் கேட்டார். "ஏஞ்சாமி, நான் வெச்ச கையி எங்க போச்சு?"

அசல் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் செம்மேட்டுக்கு நடந்து போனேன். அவரை நாலு அறை அறையவேண்டும் என்றுதான் போனேன். முழுக்கக் கேட்டுக்கொண்டார். முகத்தில் வெட்கமா, பயமா, ஒன்றும் இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் என்னைப் பார்த்தார்.

"கைநாட்டுல என்னங்க சார் இருக்குது? எல்லாம் கோடு கோடாத்தான இருக்கும். அது ஒருத்தருக்கு ஒருத்தரு மாறுமுங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க கையெழுத்து நல்லா வந்திருந்துச்சில்லீங்க?" என்று கேட்டார்.

அறையவில்லை. வந்துவிட்டேன். இத்தனை வருஷம் விரல் வைத்தவர்களை வெளியே பெஞ்சில் உட்காரவைத்த மனுஷன், ஒருதரம்கூட அவர்கள் விரலைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒருவனுக்கு இருப்பது இன்னொருவனுக்கு இருக்காது என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. பேனா பிடித்தவர்கள் தனித்தனி ஆள், மற்றவர்கள் எல்லாம் ஒரே கும்பல். இதை அவருக்கு யார் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

அடுத்த மாசம் முதல் தேதி பஸ் நின்றது. தங்கச்சி மூன்று வாரம் நடந்தே போனாள். காலையில் பதினோரு கிலோமீட்டர், சாயங்காலம் பதினோரு கிலோமீட்டர். மழையில் காய்ச்சல் வந்து படுத்தாள். எழுந்தபோது அப்பா, போதும் கண்ணு என்றார். அவள் புத்தகங்களை உரச்சாக்கில் கட்டிப் பரணில் போட்டாள். இரண்டு வருஷத்தில் பெரக்கரை நாட்டில் கல்யாணம் செய்து கொடுத்தோம். நல்ல இடம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவள் ஆசைப்பட்டது டீச்சர் வேலைக்கு.

அவர் ஸ்கேனர் வாங்கினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதையும் மலையில் ஒரே ஆள் நான்தான் என்று சொல்லியிருப்பார். பிறகு ஆளுக்கு ஆள் கம்ப்யூட்டர் வந்ததும் கடையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார். எங்கே இருக்கிறார் என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. பேச்சில் எங்காவது ஃபேக்ஸ் என்று வந்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். என் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விடுவாள், அத்தனை தடவை கேட்டிருக்கிறாள்.

அவளிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமை அவர் டக் டக்கென்று ஒட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்றிருந்த தங்கச்சி குனிந்து என் காதில் சொன்னாள். "அண்ணா, அப்பா பெருவிரல்ல அருவா வெட்டுன தழும்பு இருக்குதில்ல, இதுல காணமே. எல்லாருக்கும் ஒண்ணையே வெக்கறாரு."

நேரம் இருந்தது, அரை மணிக்கு மேல். பக்கத்துக்கடை போனில் ஆபீஸைக் கூப்பிட்டு, மனு அசலாக இருக்கிறது, ரோடு திறந்ததும் கொண்டுவருகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குறைந்தபட்சம் கைநாட்டுகளின் அசல் எங்களிடம் உள்ளது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கலாம். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் என் கையெழுத்து அவ்வளவு அழகாக வந்திருந்தது. தலையைத் திருப்பாமலே, "பேசாம இரு. அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப்போவுது" என்றேன்.

அதிகாரி வந்த அன்று பெண்கள் கூட்டத்தில் அவளும் நின்றிருந்தாள். நாற்பத்து மூன்று பேருக்கும் ஒரே விரலா என்று அவர் கேட்டதும் என்னைப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை, ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, இன்று வரைக்கும் என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பொங்கலுக்கு வருகிறாள், என் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிறாள். நான் அந்த ஆளைப் பற்றி ஆரம்பித்தால் எழுந்தும் போகமாட்டாள், உட்கார்ந்து முழுக்கக் கேட்பாள். அந்த ஆளை அவள் ஒரு வார்த்தை திட்டி நான் கேட்டதில்லை.